ஓகஸ்ட் மாதத்தின் விலை

(எங்கள் வாசிப்பு வட்டத்தின் மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரிதாகத் திருத்தவில்லை.)



இன்றைக்கு நான் கதைக்க வந்த விஷயம் தீம் பார்க் ரிக்கெற். "என்ன தோழர், ரோலர் கோஸ்டரில ஏறிப் புரட்சிக்குப் போறமோ?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். சிரியுங்கோ, பரவாயில்லை. வாடகை, கடன், குடிவரவுச் சட்டம் என்று கதைக்கிற இடத்தில் இது சின்ன விஷயம்தான். ஆனால் இங்கே இருக்கிற அனேகமான ஆட்கள் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். செப்டெம்பர் முதல் கிழமையில் ரீச்சர் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: சம்மர் ஹொலிடேக்கு எங்கே போனீர்கள்? அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளை என்ன பதில் சொல்லப்போகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாளுக்கு ஒரு விலை, சீசனுக்கு ஒரு விலை என்று ரிக்கெற் விற்கும்போது கம்பனி விற்பது ராட்டினத்தை இல்லை, நேரத்தை. தன் நேரம் தன் கையில் இருக்கிறவருக்குக் கழிவு. தன் நேரம் இன்னொருவர் கையில் இருக்கிறவருக்கு மேலதிகக் கட்டணம். இதை "தெரிவு" என்று பெயர் வைத்து எங்களுக்கு விற்கிறார்கள்.

விலை எப்படிப் படி ஏறியது

டிஸ்னிலான்ட் 1955-இல் கலிபோர்னியாவில் திறந்தபோது உள்ளே போக ஒரு சிறு கட்டணம், பிறகு ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனி ரிக்கெற். கொஞ்ச நாளில் அந்த ரிக்கெற்றுகளைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். நல்ல சவாரிக்கு விலை கூட, சாதாரண சவாரிக்குக் குறைவு. 1982-இல் அந்த முறையை விட்டுவிட்டு ஒரு நாளுக்கு ஒரே கட்டணம், 12 டொலர் என்று கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு விலை வருடாவருடம் ஏறினாலும், பெப்ரவரிச் செவ்வாய்க்கும் ஜூலைச் சனிக்கும் விலை ஒன்றாகவே இருந்தது.

2016 பெப்ரவரியில் அது முடிவுக்கு வந்தது. அதுவரைக்கும் 99 டொலராக இருந்த ஒருநாள் ரிக்கெற்றை மூன்று படியாகப் பிரித்தார்கள்: 95, 105, 119. இப்போது அங்கே பூச்சியத்தில் தொடங்கி ஆறு வரைக்கும் ஏழு படிகள். 2024 ஒக்டோபரில் அறிவித்த விலையில் ஆகக் கீழ்ப்படி 104 டொலர், ஆக மேல்படி 206 டொலர்.

இந்த இரண்டு வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. எட்டு வருடத்தில் மலிவான நாள் 9 டொலர்தான் ஏறியிருக்கிறது. விலைகூடிய நாள் 87 டொலர் ஏறியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருந்த 24 டொலர் இடைவெளி 102 டொலராகிவிட்டது. விளம்பரத்தில் "104 டொலரிலிருந்து" என்று போடலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த 104 டொலர் நாளில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்.

இந்த யோசனை தீம் பார்க்கில் பிறந்ததில்லை. அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அமெரிக்கன் எயர்லைன்ஸ் போன்ற கம்பனிகள் ஒரே விமானத்தின் ஆசனங்களைப் பல விலைக்கு விற்கும் கலையைக் கணினியை வைத்து வளர்த்தன. மலிவு ரிக்கெற் வேண்டுமென்றால் பல நாள் முன்னரே வாங்கவேண்டும், இடையில் ஒரு சனிக்கிழமை இரவு தங்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஏன் சனிக்கிழமை இரவு? கம்பனி வேலையாகப் போகிறவர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார். குடும்பமாகப் போகிறவர்கள் தங்குவார்கள். நேரத்தை மாற்ற முடியாதவரைக் கண்டுபிடித்து அவரிடம் கூட வாங்குவதுதான் தந்திரம்.

அங்கே நேரத்தை மாற்ற முடியாதவர் கோட் சூட் போட்ட ஆள். ரிக்கெற் காசு அவருடைய கம்பனியின் காசு. அதே இயந்திரத்தைத் தீம் பார்க்கின் வாசலில் கொண்டுவந்து வைத்தால் நேரத்தை மாற்ற முடியாதவர் யார்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் பெற்றோர். அவர்களுக்காகக் காசு கட்ட எந்தக் கம்பனியும் இல்லை.

இங்கிலாந்தில் அல்டன் டவர்ஸ், தோர்ப் பார்க், செஸிங்டன், லெகோலான்ட் வின்ட்சர் நான்கையும் நடத்துவது மெர்லின் என்டர்டெயின்மென்ட்ஸ் என்கிற ஒரே நிறுவனம். எதிர்பார்க்கப்படும் கூட்டத்தைப் பார்த்து விலையை மாற்றுகிற முறையைத் தன்னுடைய 20 முக்கிய இடங்களில் கொண்டுவரப்போவதாக 2024-இல் அது அறிவித்தது.

வீட்டுக் கணக்கு

இனி எங்கட வீடுகளுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் அரச பள்ளிக்கூடம் வருடத்துக்கு 190 நாள் நடக்கும். லீவு எல்லாம் சேர்த்தால் சுமார் 13 கிழமை. வேலை செய்கிற ஒருவருக்குச் சட்டப்படி கிடைக்கும் சம்பளத்துடன் கூடிய லீவு 5.6 கிழமை, வங்கி விடுமுறைகளும் அதற்குள் அடங்கலாம். அம்மாவும் அப்பாவும் மாறி மாறி லீவு எடுத்தால்கூட 11.2 கிழமைதான் வரும். அதாவது, இரண்டுபேரும் முழு லீவையும் பிள்ளை பார்க்கவே செலவழித்து, ஒரு நாள்கூடச் சேர்ந்து வீட்டில் இல்லாவிட்டாலும் பள்ளி லீவை நிரப்ப முடியாது. அந்த இடைவெளியைத்தான் அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அன்ரி எல்லாரும் நிரப்புகிறார்கள். இதற்குள் குடும்பமாக ஒன்றாக ஒரு நாள் வெளியே போவது என்பது எவ்வளவு அரிதான நாள் என்று யோசியுங்கோ. அந்த நாளில்தான் ஆக மேல்படி விலை.

சரி, பள்ளி நாளில் கூட்டிக்கொண்டு போகலாமே? முன்பு தலைமையாசிரியர் விசேட சூழ்நிலையில் குடும்ப விடுமுறைக்குப் பத்து நாள் வரைக்கும் அனுமதிக்க இடம் இருந்தது. 2013-இல் அந்த வசனத்தையே விதிகளில் இருந்து எடுத்துவிட்டார்கள். வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை வழக்காடி, 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2024 ஓகஸ்டிலிருந்து அபராதம் ஒரு பிள்ளைக்கு, ஒரு பெற்றோருக்கு 80 பவுண். 21 நாளில் கட்டாவிட்டால் 160. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் என்றால் தொடக்கமே 320 பவுண்.

இதை நான் சொல்வது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்கு இல்லை. படிப்பு முக்கியம் என்று எங்கட அம்மா அப்பாவுக்கு எந்தக் கவுன்சிலும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் காட்ட விரும்புவது இரண்டு கையும் சேர்ந்து என்ன செய்கிறது என்பதை. அரசு ஒரு கதவை அபராதத்தால் பூட்டுகிறது. மிச்சம் இருக்கிற ஒரே கதவில் கம்பனி சுங்கச்சாவடி போடுகிறது. அபராதம் கட்டினாலும் மிச்சம் என்று கணக்குப் பார்த்து, அதையும் பயணச் செலவில் ஒன்றாகச் சேர்த்துவிடுகிற வசதியான குடும்பங்களும் உண்டு. எங்கட ஆட்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தாலே விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிற வீடுகளை எனக்குத் தெரியும்.

அடுத்த அறிவுரை: "முதலே புக் பண்ணினால் மலிவுதானே?" இது வட்ஸ்அப்பில் எல்லா மாமிமாரும் சொல்கிற அறிவுரை. ஆனால் முதலே புக் பண்ண என்ன வேண்டும்? ஆறு கிழமைக்குப் பிறகு வரும் வியாழக்கிழமை உங்களுக்கு வேலை இருக்கா இல்லையா என்று தெரியவேண்டும். என் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை. அவவின் ரோட்டா இரண்டு கிழமைக்கு முன்னர்தான் வரும், வந்த பிறகும் மாறும். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த காலத்தில் ஞாயிறு பின்னேரம்தான் அடுத்த கிழமை தெரியும். இரண்டுபேரின் ஓய்வு நாளும் பொருந்தி வருவது கடைசி நிமிடத்தில். கடைசி நிமிடத்தில் வாங்குகிறவருக்குத்தான் விலை கூட. ரோட்டாவை மாற்றுவது முதலாளியின் உரிமை, அதன் செலவு தொழிலாளியின் வீட்டில்.

ஒரு கணக்குக்காக வைப்போம். மலிவான நாளுக்கும் விலைகூடிய நாளுக்கும் தலைக்கு 20 பவுண் வித்தியாசம். ஐந்துபேர் கொண்ட குடும்பம். வித்தியாசம் மட்டும் 100 பவுண். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக இருந்தது. அந்தச் சம்பளத்தில், வரிக்கு முன்னரே கணக்குப் பார்த்தாலும் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வரும். முழு ஒரு ஷிப்ட். ரிக்கெற்றுக்காக இல்லை, ஓகஸ்ட் என்பதற்காக மட்டும்.

எங்கட சமூகத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ஊருக்குப் போகாத வருடத்தில்தான் பல வீடுகளில் தீம் பார்க். ஊருக்குப் போவதென்றால் பள்ளி லீவும் வேண்டும், முடிந்தால் நல்லூர்த் திருவிழாவும் பார்க்கவேண்டும், இரண்டும் ஓகஸ்ட் பக்கம்தான். கொழும்புக்கான விமானக் கட்டணமும் அப்போதுதான் ஏறி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "இந்த வருஷம் வேண்டாம், பிள்ளைகளை எங்கேயாவது ஒரு நாள் கூட்டிக்கொண்டு போவம்" என்று முடிவெடுத்தால், அந்த ஒரு நாளிலும் அதே கணக்கு வந்து நிற்கிறது. அம்மம்மாவைப் பார்க்கப் போனாலும், ராட்டினம் சுற்றப் போனாலும், பள்ளி லீவு என்கிற ஒரே காரணத்துக்காகக் கூடக் கட்டுகிறோம்.

இதில் எனக்குக் கோபம் வருவது விலையில் மட்டும் இல்லை, வெட்கத்தில். காசு பத்தவில்லை என்றால் "நாங்கள் திட்டமிடவில்லை", "நாங்கள் ஓஃபர் பார்க்கவில்லை" என்று பெற்றோர் தங்களையே குறை சொல்கிறார்கள். பிள்ளைகளும் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். படி விலையின் ஆகப் பெரிய வெற்றி இதுதான்: விலையைக் கூட்டியது கம்பனி, குற்றவாளி ஆவது அம்மா.

"கூட்டம் குறையும்தானே?"

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம், ஏனென்றால் அது முட்டாள்தனமான வாதம் இல்லை. எல்லாரும் ஒரே நாளில் வந்தால் வரிசை நீளும், யாருக்கும் சந்தோஷம் இல்லை. நெரிசல் நேரத்தில் விலையைக் கூட்டினால் சிலர் வேறு நாளுக்கு மாறுவார்கள், எல்லாருக்கும் நல்லது. பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1952-இலேயே நியூயோர்க் சுரங்க ரயிலுக்கு நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தைப் பரிந்துரைத்தார். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார்.

இந்த வாதம் மாறக்கூடியவர்களை மாற்றும்வரைக்கும் சரி. ஓய்வுபெற்றவர்கள், பிள்ளை இல்லாதவர்கள், பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறவர்கள், எங்களைப் போலப் பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க்கிழமை சும்மா இருக்கிற மாணவர்கள் மாறலாம். மாற முடியாதவர்களைப் பொறுத்தவரைக்கும் அது நெரிசலைக் குறைக்கும் கருவி இல்லை, வெறும் வசூல். கூட்டம் குறைந்து வரிசை சுருங்கினால் அதன் பலனும் காசு கட்டக்கூடியவருக்குத்தான். அதன் பிறகும் வரிசையைத் தாண்டிப்போக இன்னொரு ரிக்கெற் விற்கிறார்கள். டிஸ்னி 1999-இல் தொடங்கிய ஃபாஸ்ட்பாஸ் இலவசம். 2021-இல் அதற்குப் பதிலாக வந்தது காசுக்கு. நெரிசல்தான் பிரச்சினை என்றால் நெரிசலையே ஏன் விற்கவேண்டும்?

செஸிங்டனுக்குக் கிங்ஸ்டனிலிருந்து 71-ஆம் இலக்க பஸ் போகிறது. அந்த பஸ்ஸில் ஓகஸ்டிலும் பெப்ரவரியிலும் கட்டணம் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளுக்கு இலவசம். பஸ்ஸிலும் நெரிசல் உண்டு, ஆனால் நெரிசலுக்குப் பதில் இன்னொரு பஸ் விடுவது என்று ஒரு பொது நிறுவனம் யோசிக்க முடியும். அதே வீதியில், பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒரு நியாயம், வாசலைத் தாண்டினால் வேறு நியாயம்.

காசு எங்கே போகிறது

மெர்லினை 2019-இல் பங்குச் சந்தையிலிருந்து வாங்கியவர்கள் மூன்றுபேர். லெகோ குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான கேர்க்பி, பிளாக்ஸ்டோன், அடுத்தது கனடா ஓய்வூதியத் திட்டத்தின் முதலீட்டுச் சபை. மூன்றாவது பெயரைக் கவனியுங்கோ. ஸ்கார்பரோவில் என் பெரியம்மா ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறா. அவவின் ஒவ்வொரு சம்பளத்திலும் 5.95 வீதம் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. அந்த நிதியில் ஒரு துளிதான் இங்கே வந்து தோர்ப் பார்க்கின் பங்காளியாக நிற்கிறது. ஹவுன்ஸ்லோவில் இருக்கிற தங்கச்சி ஓகஸ்டில் கூடக் கட்டுகிற காசில் ஒரு துளி, ஸ்கார்பரோவில் இருக்கிற அக்காவின் ஓய்வூதியத்துக்கு லாபமாகப் போகலாம்.

இதைக் கேட்டு "அப்ப நல்லதுதானே, எங்கட காசு எங்கட ஆட்களுக்கு" என்று சொல்லாதீர்கள். பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு தொழிலாளியின் முதுமைப் பாதுகாப்பை இன்னொரு தொழிலாளியின் விடுமுறையிலிருந்து எடுக்கிற ஏற்பாடு இது. புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று இரண்டு முனையிலும் நிற்கும்போது அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் சீசன் உண்டு. அமெரிக்காவில் வருடத்துக்கு ஏழு மாதத்துக்கு மேல் திறக்காத கேளிக்கை இடங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்திலிருந்தும் மேலதிக நேரக் கொடுப்பனவிலிருந்தும் மத்திய சட்டமே விலக்கு அளிக்கிறது. சீசன் என்று சொல்லி விலையைக் கூட்டலாம், அதே சீசன் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கலாம். ஆனால் தொழிலாளர் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. 2024 ஜூலையில் டிஸ்னிலான்டில் சுமார் 14,000 தொழிலாளர்களின் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தன. சில நாட்களிலேயே சம்பள உயர்வு உடன்பாடு வந்தது, வேலைநிறுத்தம் தேவைப்படவில்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை

லங்காஷயர் நெசவாலை ஊர்களில் வருடத்தில் ஒரு கிழமை ஆலை முழுக்க மூடும். ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு கிழமை. ஊரே ரயிலேறி பிளாக்பூல் போகும். தொடக்கத்தில் அந்தக் கிழமைக்குச் சம்பளம் இல்லை. அதனால் வருடம் முழுக்கக் கிழமைக்குக் கொஞ்சமாகச் சேமிக்கிற சங்கங்களைத் தாங்களே வைத்திருந்தார்கள். எங்கட அம்மாமார் சீட்டுப் பிடிக்கிறது மாதிரித்தான். சம்பளத்தோடு லீவு என்பது பிரித்தானியச் சட்டத்துக்குள் வந்தது 1938-இல், தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு.

அதற்கு இரண்டு வருடம் முதல் பிரான்சில் மக்கள் முன்னணி அரசு. 1936 ஜூனில், ஆலைகளைத் தொழிலாளர் பிடித்துவைத்திருந்த நாட்களில், இரண்டு கிழமை சம்பள லீவு சட்டமானது. ஆனால் லீவு கிடைத்தால் போதுமா, போகக் காசு வேண்டாமா? ஓய்வுத்துறைக்குப் பொறுப்பாக இருந்த லியோ லக்ராஞ் 40 வீதக் கழிவில் ரயில் ரிக்கெற் கொண்டுவந்தார். தொழிலாளி தன் வருடாந்த லீவில், ஓகஸ்டில், கடலைப் பார்க்கப் போக.

இங்கே கொஞ்சம் நில்லுங்கோ. 1936-இல் தொழிலாளிக்கு நேரம் கிடைக்கிற நாளில் விலையைக் குறைத்தார்கள். இன்றைக்குத் தொழிலாளிக்கு நேரம் கிடைக்கிற அதே நாளில் விலையைக் கூட்டுகிறார்கள். இரண்டுமே சீசன் விலைதான். அப்படியென்றால் இதில் இயற்கை விதி எதுவும் இல்லை. பலம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். இன்றும் பிரான்சில் சில பள்ளி லீவுகள் மூன்று வலயமாகப் பிரித்து விடப்படுகின்றன, 1982-இல் வந்த விடுமுறைக் காசோலை முறை இன்னும் நடக்கிறது. லாச்சப்பலில் இருக்கிற தோழர்கள் இதைப் பற்றி எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என்ன செய்யலாம்

மூன்று விஷயம் முன்வைக்கிறேன்.

முதலாவது, ரோட்டா. சங்கத்தில் இருக்கிறவர்கள் சம்பளக் கோரிக்கையோடு ரோட்டா முன்னறிவிப்பையும் வையுங்கோ: எத்தனை கிழமைக்கு முதல் தரவேண்டும், மாற்றினால் என்ன கொடுக்கவேண்டும். கடை, முதியோர் இல்லம், வெயர்ஹவுஸ் எல்லா இடத்திலும் எங்கட ஆட்கள் இருக்கிறார்கள். மலிவு விலையைவிட, தன் வியாழக்கிழமை தனக்குத் தெரிவது பெரிய விஷயம்.

இரண்டாவது, சேர்ந்து வாங்குவது. தனிக் குடும்பம் படி விலையில் மாட்டும். பள்ளிகளுக்கும் குழுக்களுக்கும் தனி விலை கொடுக்கிற பார்க்குகள் உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் எத்தனை இருக்கு! ஒரு கோச் பிடித்து, சீட்டு மாதிரி மாதம் மாதம் சேர்த்து, காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையையும் பெயர் சொல்லாமல் உள்ளே சேர்த்துக்கொண்டு போகலாம். இது புரட்சி இல்லை. ஆனால் அந்த வெட்கத்தை உடைக்கும்.

மூன்றாவது, பொது இடங்கள். கவுன்சில் நீச்சல் தடாகம், நூலகம், பூங்கா, பிள்ளைகளின் கோடைத் திட்டம். இவற்றை வெட்டும்போது "இது சேமிப்பு" என்கிறார்கள். வெட்டிய ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தை அந்த ஏழு படி வாசலை நோக்கித் தள்ளுகிறது. உங்கள் கவுன்சிலின் வரவுசெலவுக் கூட்டம் எப்போது என்று பாருங்கோ, நான்கு அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், வருடம் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள்.

பகிஷ்கரிப்புக்கு நான் அழைக்கவில்லை. பிள்ளைக்கு ராட்டினம் பிடிக்கும். சந்தோஷப்படுவது முதலாளித்துவக் குற்றம் இல்லை. தொழிலாளர் இயக்கம் ஓய்வுக்காகவும் போராடிய இயக்கம். அந்த ஓய்வைத் திரும்ப எங்களுக்கே மேலதிக விலைக்கு விற்கிறார்கள் என்பதுதான் எங்கட முறைப்பாடு.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது உங்கள் வீட்டில் யாருடைய ரோட்டாவையாவது, பெயரையும் வேலை இடத்தையும் மறைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வாருங்கோ. எத்தனை நாள் முதல் வந்தது, எத்தனை தரம் மாறியது என்று பக்கத்தில் எழுதுங்கோ. அதை எல்லாம் சேர்த்து ஒரு அட்டவணை போடுவோம். வர முடியாதவர்கள் இந்த மடலுக்கே பதில் அனுப்பலாம்.

இனிக் கேள்விகளுக்குப் போவோம்.